சேத்துக்கால்காரியும் ஒரு குரலும்

லிப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றபோது, அதற்குள் இருந்தவன் கடவுளைக் கூப்பிடவில்லை. அம்மாவையும் கூப்பிடவில்லை. ஒத்திகை பார்க்க ஆரம்பித்தான்.

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். அவனுக்குக் குரல் மாறும். ஐந்தாம் மாடியில் இருக்கும் வானொலி நிலையத்தில் அவன்தான் 'சேத்துக்கால் மாமா'. ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்திலிருந்து நகரத்துக்கு வந்து, படிக்கட்டைக் கண்டாலும் நடுங்கி, பார்க்கிறவனிடமெல்லாம் ஏமாறும் ஒரு மாமா. யார் வீட்டு வாசலில் நின்றாலும் மாமா முதலில் கேட்பது ஒன்றுதான்: "கால் கழுவிட்டு வரவா?" அவ்வளவுதான்... காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்கள்கூட கையை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

கழிமுகத்துக்காரர்களுக்கு மேட்டுநிலத்துக்காரர்கள் வைத்த பெயர்தான் சேத்துக்கால். சொல்கிறவர்கள் சிரிப்பார்கள். கேட்கிறவர்களில் சிலர் கூடவே சிரிப்பார்கள், சிலர் முறைப்பார்கள், பலர் காதில் விழாத மாதிரி நடந்துவிடுவார்கள்.

"ஐயையோ... என்னைப் பொட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டானுங்களே! நான் என்ன தப்பு பண்ணேன்? கால்கூடக் கழுவிட்டுத்தானே ஏறினேன்!"

நன்றாக வந்தது. நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். லிப்ட் நின்றதுமே அபாயப் பொத்தானை அழுத்தியிருந்தான்; ஒருமுறை அழுத்திவிட்டால், மறுமுனையில் அணைக்கும் வரை மைக் திறந்தே இருக்கும் என்பது, மைக்கை வைத்தே சோறு தின்கிறவனுக்குத் தெரியவில்லை.

"சார்..." என்றது சுவர்.

அவன் துள்ளிக் குதித்தான்.

"லிப்ட் மெக்கானிக் பேசறேன். மேல மோட்டார் ரூம்ல இருக்கேன். மழைத்தண்ணி இறங்கி ஒரு ஸ்விட்ச் போயிடுச்சு, வேற ஒண்ணுமில்ல. கதவுல சாயாம நில்லுங்க."

பெண் குரல். பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் அவசரமே இல்லாத குரல்... குரலிலேயே பிழைப்பு நடத்துகிறவனுக்கு அது பொறாமையாக இருந்தது.

"நீங்க... எப்ப லைன்ல வந்தீங்க?"

"நீங்க கால் கழுவறதுக்கு முன்னாடியே."

"அது சும்மா... ரிகர்சல். ரேடியோல கேட்டிருப்பீங்களே, சேத்துக்கால் மாமா... அது நான்தான்."

ஸ்பானரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"நானும் சேத்துக்கால்தான் சார். மாமா இல்ல... மத்தபடி அசல்."

அவனுக்கு லிப்ட் ஒரு மாடி விழுந்தாற்போல இருந்தது. உண்மையில் அது அசையவே இல்லை.

"இப்ப பிரேக்கை விட்டு, சக்கரத்தைக் கையால சுத்தப் போறேன். லேசா ஆடும். பயப்படாதீங்க."

"கையாலயா?"

"காலால சுத்தினா உங்களுக்குப் பிடிக்காதே."

பெட்டி குலுங்கி, அங்குலம் அங்குலமாக இறங்கத் தொடங்கியது.

"மேடம்... கோபமா இருக்கீங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"இல்ல... சக்கரம் உங்க கையில இருக்கு."

சுவர் சிரித்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், பக்கவாட்டில் வழிந்த சிரிப்பு. காதல் கதைகளில் இந்த இடத்தில் மின்னல் வெட்ட வேண்டும். இங்கே லிப்டின் டியூப்லைட்தான் வெட்டியது. அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மூன்றாம் மாடியில் வெளிக்கதவைச் சாவி போட்டுத் திறந்தவர் நரைத்த மீசைக்காரர்; அவளுடைய சீனியர். "இறங்குங்க தம்பி" என்று கை கொடுத்தார். இறங்கினான். போயிருக்கலாம். ஆனால், படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அவள் இறங்கி வந்தாள். நீலச் சட்டை, முழங்கைவரை சுருட்டிய கை, நெற்றியில் ஒட்டிக்கிடந்த ஈரமுடி, ஒரு கன்னத்தில் கிரீஸ். கண்கள்... மழை நின்ற பிறகு இலை நுனியில் ஒரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று யோசிக்குமே, அந்த மாதிரிக் கண்கள். தயாரித்து வைத்திருந்த நன்றி அவனுக்கு மறந்தே போனது.

"மாமா பேசவே மாட்டேங்கறாரே" என்றாள் அவள்.

"நான்... தப்பா எதுவும் நினைச்சுப் பண்ணலைங்க. மாமாவை எல்லாருக்கும் பிடிக்கும்."

"மாமாவைப் பிடிக்கும் சார். என்னைத்தான் உள்ள விட யோசிக்கிறாங்க."

கருவிப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கோபமாகக்கூடப் போகவில்லை. அதுதான் அவனை வீடுவரைக்கும் துரத்தியது.

*

அந்த மழைக்காலம் லிப்டுக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அது நிற்கும் நாளெல்லாம் அவள் வந்தாள். நிற்காத நாளில் அவன் அதை முறைத்துக்கொண்டு படியேறினான். வாசல் காவலாளி, "இன்னைக்கு நல்லாத்தான் ஓடுது சார், வருத்தப்படாதீங்க" என்று ஆறுதல் சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது.

டீ வாங்கிக்கொண்டு போவான். அவள் லிப்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் நின்று வேலை செய்துகொண்டே, கையை மட்டும் மேலே நீட்டி வாங்கிக்கொள்வாள். முதல் வாரம் கைக்கு டீ கொடுத்தான். அடுத்த வாரம் முகத்துக்குக் கொடுத்தான். அதற்கடுத்து, இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து குடித்தார்கள். சீனியர் அண்ணன் மட்டும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, அது ரொம்ப முக்கியமான சுவர் என்பதுபோல நின்று குடிப்பார்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றான் ஒருநாள். "உங்க வீட்டுல இந்தப் பேரைச் சொல்லுவாங்களா?"

"சேத்துக்காலா? சொல்லாம? அம்மா, அப்பா, சித்தி, எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் சொல்லிக்குவோம்."

"அப்ப நான் சொன்னா மட்டும் ஏன்..."

அவள் டம்ளரைச் சுற்றிக்கொண்டே யோசித்தாள். "எங்க வீட்டுச் சாவின்னு வச்சுக்கோங்க. என் கையில இருந்தா கதவைத் திறப்பேன். அதே சாவி உங்க கையில இருந்தா, 'இவர்கிட்ட எப்படிப் போச்சு?'ன்னு கேப்பேனா மாட்டேனா?"

"திருட்டுன்னு சொல்றீங்க."

"நான் சொல்லலை. நீங்கதான் சொல்றீங்க."

அவன் அதற்குப் பரிகாரம் செய்யக் கிளம்பினான். அந்த வாரம் முழுக்க மாமா புதுமனிதரானார். எரியும் வீட்டிலிருந்து குழந்தையைத் தூக்கி வந்தார். கீழே கிடந்த நகையை உரியவரிடம் ஒப்படைத்தார். அதிகாரி ஒருவருக்கு நேர்மையைப் பற்றி நீளமாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை படிக்கட்டில், பாராட்டை வாங்கிக்கொள்ளும் முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"கேட்டேன்" என்றாள் அவள். "மாமாவைப் பாத்தா விழுந்து கும்பிடணும்போல இருக்கு."

"நல்லா இல்லையா?"

"முன்னாடி மடையன். இப்ப தெய்வம். நடுவுல ஒருநாளாவது அந்த ஆளை மனுஷனா இருக்க விடமாட்டீங்களா?"

சீனியர் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே தோள் குலுங்கச் சிரித்தார்.

அவனும் சிரித்துவிட்டான். தன்னைக் கிண்டல் செய்கிறவள்மேல் கோபம் வருவதற்குப் பதில், அவள் இன்னும் கொஞ்சம் கிண்டல் செய்தால் தேவலை என்று தோன்றினால் அந்த நோய்க்கு என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று...

அவளும் ஒன்றைச் சொல்லவில்லை. டீ நேரம் நெருங்கினால், கிரீஸ் போகக் கை கழுவச் சோப்பைத் தேடுகிறாள் என்பதை. முன்பெல்லாம் துணியில் துடைத்துக்கொள்வதோடு சரி.

*

பிறகு அந்த ஏழாம் மாடி.

கட்டடத்தின் மேல்மாடிகளில் வீடுகள். அவற்றில் ஒன்றின் பால்கனிக் குழாயிலிருந்துதான் தண்ணீர் லிப்ட் சுவரில் இறங்குகிறது என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். பார்க்க வேண்டுமானால் வீட்டுக்குள் போக வேண்டும். சீனியர் அன்று வேறு கட்டடத்தில் இருந்தார். "டார்ச் பிடிக்க நான் வர்றேன்" என்று அவன் ஒட்டிக்கொண்டான்.

கதவைத் திறந்த அம்மாள், நீலச் சட்டையை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் உனக்கு?"

"கழிமுகம்மா."

"அட, சேத்துக்காலா!" அம்மாளின் முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பி, "ஏங்க, இங்க பாருங்க, நிஜமான சேத்துக்கால் வந்திருக்கு!" என்றார். பிறகு அவளிடம், அதே ராகத்தில், அதே இழுவையில்: "அப்ப கால் கழுவிட்டு வா!"

உள்ளே நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

அவள் புன்னகைத்தாள். அவன் அவளுடைய சிரிப்பையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தவன். இது அந்தப் பட்டியலில் இல்லை. உதடு மட்டும் வேலைக்குப் போன புன்னகை. ஒரு நாளைக்கு எத்தனை வாசலில் இதை அவள் மாட்டிக்கொண்டு நிற்கிறாளோ... இதைத் தைத்துக் கொடுத்த டெய்லர் நான்தானே என்று அவனுக்கு உறைத்தது.

"இல்லைங்க, அது வந்து..." என்று வாயைத் திறந்தான்.

"இருங்க இருங்க!" வீட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். "இந்தக் குரல்... சார், நீங்க அவர்தானே! ஐயோ, மாமாவே நம்ம வீட்டு வாசல்ல! சார், சார், ஒரே ஒரு வாட்டி சொல்லுங்க சார்!"

எல்லா முகங்களும் அவனைப் பார்த்தன. ஆசையோடு, காத்துக்கொண்டு.

மைக்குக்கு முன்னால் வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது காத்திருந்தால் நிரப்பிவிட வேண்டும். ஒரு கணம் மௌனம் என்றாலும் உடம்பு தாங்காது.

"கால்... கழுவிட்டு வரவா?"

பிரமாதமாக வந்தது. வாழ்நாளில் அவ்வளவு பிரமாதமாக வந்ததில்லை. வீடே குலுங்கியது.

அவன் திரும்பிப் பார்த்தபோது, அவள் குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கழற்றி, வாசலில் ஓரமாக வைத்தாள். நிமிர்ந்தாள். உள்ளே போனாள். டார்ச்சை அவனிடம் கேட்கவில்லை. குழாயைப் பார்த்தாள், எங்கே விரிசல், யாரைக் கூப்பிட வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள், வந்தாள், காலணியைப் போட்டுக்கொண்டாள். கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"நல்லா வந்துது சார்" என்றாள். "ரிகர்சலைவிட நல்லா."

சார். இந்த இரண்டு வாரமாக அந்த 'சார்' காணாமல் போயிருந்தது. அது திரும்பி வந்த நாளில்தான் அவனுக்கு அது தெரிந்தது.

*

அதற்குப் பிறகு லிப்ட் நின்றால் சீனியர் அண்ணன் மட்டும் வந்தார். அவன் கேட்பான். அவர், "அதுக்கு வேற ஏரியா தம்பி" என்பார். அதற்கு மேல் சுவரைப் பார்ப்பார்.

வேறு ஏரியாவில் அவள் தன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஏழாம் மாடி அம்மாள் சொன்னதை இறங்கும் போதே மறந்துவிட்டாளே... இவன் சொன்னதை மட்டும் ஏன் சுமக்கிறாள்? யாரோ சொன்னால் காதோடு போகும். டீ கொடுத்த கை, பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னால்? ஒருநாள் கண்ணைத் துடைத்தவள், "கிரீஸ் பட்டு எரியுது" என்றாள். சீனியர் அண்ணன் அவள் கையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. "ஆமாம்மா, இந்தக் கம்பெனி கிரீஸ் எரியத்தான் செய்யும்" என்று மட்டும் சொன்னார்.

வானொலி நிலையத்தில் அவன் மேலாளர் முன்னால் நின்றான்.

"மாமாவை நிறுத்திடலாம் சார்."

"உனக்கு வேணாம்னா நீ நிறுத்திக்க. மாமா எதுக்கு நிக்கணும்?"

அடுத்த திங்கட்கிழமை வேறொருவன் மாமாவாக வந்தான். அதே இழுவை. அதே வாசல். பஸ்ஸில் அதே சிரிப்பு. அதில்தான் அவனுக்கு இரண்டு அடி. மாமா போகவில்லை, தான் போனது யாருக்கும் தெரியவும் இல்லை. இப்போது அவனுக்குக் கொடுத்திருக்கும் வேலை, குழாயில் தண்ணீர் வராத தெருக்களின் பெயர்களைக் காலையில் வாசிப்பது. அந்தத் தெருக்காரர்கள் தவிர வேறு யாரும் கேட்பதில்லை. அவர்களும் திட்டிக்கொண்டே கேட்டார்கள்.

ஒரு மாலை, பொறுக்க முடியாமல், அவளுடைய கம்பெனிப் பட்டறைக்கே போனான். வெளியே மழை சரம் சரமாக இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இரும்பு வாசனை, கழற்றிப் போட்ட மோட்டார்கள், அவற்றுக்கு நடுவே முட்டிபோட்டு ஒரு பல்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அவள். நாலைந்து பேர் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். சீனியர் அண்ணன் அவசரமாக ஒரு சுவரைத் தேடினார்.

"என்ன சார்? லிப்ட் நின்னுடுச்சா?"

"இல்ல. நான் மாமாவை விட்டுட்டேன்."

"கேட்டேனே. நேத்துகூட வந்தாரே."

"அது வேற ஆள்."

அவள் கை நின்றது. "அப்படியா? தெரியவே இல்லை."

"யாருக்குமே தெரியலை. அதான் நேர்ல சொல்லிடலாம்னு வந்தேன். பெரிய தியாகம் பண்ணின மாதிரி வந்து நிக்கத்தான் ஆசையா இருந்துச்சு. பஸ்ல வரும்போதே அதுக்கு வசனம்கூட யோசிச்சேன். அப்புறம் வெக்கமா போச்சு. நான் விட்டதால உங்களுக்கு எந்த வாசல்லயும் எதுவும் மாறப் போறதில்லை. நாளைக்கும் எவனோ கால் கழுவச் சொல்லுவான். நான் பத்த வச்சுட்டேன்... அணைக்கத் தெரியலை."

மழை கொஞ்சம் உரத்துப் பெய்தது.

"அன்னைக்கு யாரும் என் கழுத்தைப் பிடிக்கலை" என்றான். "கேட்டாங்க, சொல்லிட்டேன். உங்க முகத்தைப் பாத்த பிறகும் சொன்னேன்."

அவள் எழுந்தாள். முட்டியில் ஒட்டியிருந்த இரும்புத்தூளைத் தட்டிவிட்டாள்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. அந்தப் பேருக்கு நான் வெக்கப்படலை. இந்த ஊர்ல ஒசரமான கட்டடம் எது சொல்லுங்க... எதுவா வேணா இருக்கட்டும். அதோட உச்சியில, மோட்டார் ரூம்ல, இந்தச் சேத்துக்கால் நின்னிருக்கு. மேட்டுநிலம் மேட்டுநிலம்ங்கறீங்களே... உங்க மேட்டைவிட மேல நின்னு, உங்க ஊரையே கீழ குனிஞ்சு பாத்தவ நான். நீங்க எல்லாரும் ஏறி இறங்கறது என் கையில. அந்தக் கால்ல சேறு இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அது எங்க சேறு."

யாரோ ஒருவன் பின்னால் கை தட்டப் போனான். சீனியர் அண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் ஏன் கோபம்?" என்றான் அவன், மெதுவாக.

"நீங்க பாத்தீங்க. அந்த வாசல்ல என் முகத்தை முதல்தடவையா ஒரு ஆள் பாத்துச்சு... பாத்துட்டு அவங்க பக்கம் போயிடுச்சு. அதான்."

அவனிடம் பதில் இல்லை. நிரப்பவும் முயலவில்லை. அவன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு மௌனத்தை அப்படியே இருக்க விட்டான். அது நீண்டது. பட்டறையில் எல்லோருக்கும் சங்கடமாகும் வரை நீண்டது. அவளுக்குத்தான் அந்த நேரத்தில் ஏதோ ஒன்று நெஞ்சில் இளகியது.

"உன்னை... உங்களை..." என்றான்.

"முதல்ல சொன்னதே இருக்கட்டும்."

"உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. லிப்ட்ல சிரிச்சியே, அப்பவே. நீ வேண்டாம்னாலும் சரி. சொல்லாம போனா தெருப்பேர் வாசிக்கறப்ப நடுவுல வாய்தவறி வந்துடும்னு பயமா இருக்கு."

அவள் சிரிக்கக் கூடாது என்று கீழுதட்டைக் கடித்தாள். "எங்க வீட்டுக்கு வருவீங்களா? அப்பாவைப் பாக்க?"

"இப்பவேவா?"

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டு வரணும். உங்க மேட்டுநிலத்து ஆளுங்களுக்கு எங்க பக்கம் என்ன பேர் தெரியுமா?"

"எங்களுக்கா? எங்களுக்குக்கூடப் பேர் இருக்கா?"

"பாத்தீங்களா, தெரியாது. உங்க முகத்துக்கு நேரா நாங்க யாரும் சொன்னதில்லை. வேலை உங்ககிட்டல்ல இருக்கு."

"சொல்லு."

"வறட்டுக்கிணறு."

அவன் காது சூடானது. "ஏன் அப்படி?"

"சத்தம் மட்டும் கம்பீரமா வரும். எட்டிப் பாத்தா உள்ள ஒரு சொட்டு இருக்காது."

பட்டறையில் யாரோ இருமினார்கள். அவன் நின்ற இடத்திலேயே நின்றான். ஊருக்கே பொதுவாக வைத்த பெயர், இவனுக்கென்று அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அதுதான் இன்னும் வலித்தது.

"குத்துதா?" என்று கேட்டாள். குரலில் கேலி இல்லை.

"குத்துது."

"அதான். அதை ஒருதரம் நீங்க பாத்துடணும்னு நினைச்சேன்."

அவன் தலையாட்டினான். பிறகு, கொஞ்சம் தயங்கி, "இன்னொரு வாட்டி சொல்லேன்" என்றான்.

"எதுக்கு?"

"உனக்கு என்னைப் பிடிச்சிருந்தா எப்படிச் சொல்லுவியோ... அப்படி."

அவள் முகம் சிவந்தது. கன்னத்தில் இருந்த கிரீஸையும் மீறிச் சிவந்தது. மழையைப் பார்த்தாள், பல்சக்கரத்தைப் பார்த்தாள், தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரையும் பார்த்தாள். தலையை நிமிர்த்தினாள். மோட்டார் ரூமிலிருந்து மூன்றாம் மாடிக்குக் குரல் கொடுத்துப் பழகியவள். மெல்லப் பேச அவளுக்கு வராது.

"அண்ணே!" என்றாள், பட்டறைக்கே கேட்கும்படி. "இவர் எனக்கு யாருன்னு எல்லாரும் கண்ணாலயே துளைக்கறீங்களே... நல்லாக் கேட்டுக்கோங்க. இவர் என் வறட்டுக்கிணறு!"

அந்தப் பெயரை முதலில் வைத்தவர்கள் அப்போது அவன் கண்ணை எட்டிப் பார்த்திருந்தால், வெட்கப்பட்டு வேறு பெயர் தேடிப் போயிருப்பார்கள்.